அழிக்கும் முன் அளவைப் படியுங்கள்

பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டியாகிவிட்டது. விண்டோஸ் ஏற மறுக்கிறது. அல்லது ஏறிவிடுகிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய இடத்தில் பெரும்பகுதியைக் காணோம். இந்த நிலையில் சர்வீஸ் கடையில் கேட்டாலும், கணினி தெரிந்த உறவினரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும்: “டிஸ்க்லதான் பிரச்சினை. எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டு, ஃபார்மேட் அடிச்சுப் போட்டா சரியாயிடும்.” இந்தப் பதிலுக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. கோளாறு டிஸ்க்கில் இருக்கிறது. அதன் அளவு பெரிதாக இருப்பதே காரணம். அழித்துவிட்டுத் தொடங்கினால் தீரும். இம்மூன்றும் தவறு. பெரிய டிஸ்க்கில் ஓஎஸ் நிறுவும்போது மட்டும் வரும் தடைகளில் பெரும்பாலானவை டிஸ்க்குக்கு வெளியே பிறப்பவை. டிஸ்க்கின் இடங்களை எண்ணிட்டு அழைக்கும் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி, பெரிய எண்ணைத் தாங்க முடியாமல் அதைத் துண்டித்துவிடுகிறது. எந்தக் கண்ணி என்பதைத் திரையில் தெரியும் அளவும் பிழைச் செய்தியும் அனேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைப் படிக்காமல் அழிப்பவர் முதலில் தடயத்தை அழிக்கிறார். பல நேரங்களில் அதோடு சேர்த்து ஒரு குடும்பத்தின் படங்களையும் ஒரு கடையின் கணக்குகளையும் அழிக்கிறார்.

டிஸ்க் என்பது ஓஎஸ்ஸின் பார்வையில் எண்ணிடப்பட்ட சிறு அறைகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு அறைக்கும் செக்டர் என்று பெயர். வழக்கமாக 512 பைட் கொள்ளும். ஒரு கோப்பைப் படிக்கவேண்டுமென்றால் ஓஎஸ் தன் டிரைவரிடம் செக்டர் எண்ணைச் சொல்கிறது. டிரைவர் கன்ட்ரோலரிடமும், கன்ட்ரோலர் டிஸ்க்கிடமும் சொல்கின்றன. ஓஎஸ் எழுந்திருக்கும் முன்பே மதர்போர்டின் பயாஸ் இதே வேலையைச் செய்யவேண்டும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையும் இதே எண்களைத்தான் பயன்படுத்துகிறது. இத்தனை கைகளில் மாறிவரும் எண்ணுக்கு ஒவ்வொரு கையும் இத்தனை பிட் என்று இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒதுக்கீடு போதாத இடத்தில்தான் தடை தோன்றுகிறது. டிஸ்க் தன்னளவில் தன் கடைசி செக்டர்வரை எந்தச் சிரமமும் இல்லாமல் எழுதிப் படிக்கும்; அதைக் கேட்கத் தெரிந்தவர் கேட்டால்.

இது ஊகம் இல்லை. தனிக் கணினியின் வரலாறு முழுக்க இதற்குச் சான்று கிடக்கிறது. பழைய பயாஸ் ஒரு செக்டரை சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் அழைத்தது. பயாஸ் சிலிண்டருக்கு 10 பிட்டும் செக்டருக்கு 6 பிட்டும் ஒதுக்கியிருந்தது. டிஸ்க்கின் ஐடிஇ இணைப்போ ஹெட்டுக்கு 4 பிட்தான் ஒதுக்கியிருந்தது. இரண்டிலும் குறுகியவற்றைச் சேர்த்தால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கினால் 528 எம்பி. தொண்ணூறுகளின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது மீதி இடம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பயாஸ் ஹெட் எண்ணிக்கையை மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டதும் அந்தச் சுவர் விழுந்தது. அடுத்த சுவர் 8.4 ஜிபியில் எழுந்தது. லினக்ஸ் உலகில் அது 1024ஆவது சிலிண்டர் பிரச்சினை என்றே பெயர்பெற்றது. கெர்னல் அந்த எல்லைக்கு அப்பால் விழுந்துவிட்டால் லிலோ பூட்லோடரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் தனியாக ஒரு சிறு பூட் பார்ட்டிஷனை டிஸ்க்கின் தொடக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். அதற்குப் பின் 137 ஜிபி, அதற்கும் பின் 2.2 டிபி. ஒவ்வொரு சுவரும் ஏதோ ஓர் எண்ணின் அகலம். எந்தச் சுவரும் டிஸ்க்கை அழித்ததால் விழவில்லை. எண்ணைத் தாங்காத கண்ணியை மாற்றியபோது மட்டுமே விழுந்தது.

137 ஜிபி சுவரைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். “அழித்தால் சரியாகும்” என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதுவே தெளிவான சான்று. ஏடிஏ (ஐடிஇ) இணைப்பு செக்டர் எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியிருந்தது. அதில் எழுதக்கூடிய செக்டர்கள் ஏறக்குறைய 26.8 கோடி, தலா 512 பைட் என்றால் 137 ஜிபி. 2001இல் மாக்ஸ்டர் 160 ஜிபி டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது இணைப்பு விதி 48 பிட்டுக்கு விரிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்பு அந்த விரிவை அறியாது. 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்தான் அதைக் கொண்டுவந்தது. பழைய எக்ஸ்பி சிடியை வைத்து 160 ஜிபி டிஸ்க்கில் நிறுவினால் செட்டப் திரை சுமார் 131,000 எம்பி என்று காட்டும். டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் அந்த எண் மாறாது, மாறவும் வழியில்லை. இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. வேறொரு கணினியில் முழு அளவுக்கும் பார்ட்டிஷன் போடப்பட்ட டிஸ்க்கை, 48 பிட் அறியாத ஓஎஸ்ஸின் கையில் கொடுத்தால், 137 ஜிபிக்கு அப்பால் எழுதவேண்டியது வேறிடத்தில் போய் விழுந்து, ஏற்கெனவே இருக்கும் தரவைச் சிதைக்கக்கூடும். ஐந்து இலக்கம் மட்டும் உள்ள பழைய கிலோமீட்டர் மீட்டர் 99,999ஐத் தாண்டியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதுபோல, துண்டிக்கப்பட்ட எண் டிஸ்க்கின் தொடக்கத்துக்கே திரும்புகிறது. இங்கே ஃபார்மேட் அடித்து மறுபடி நிறுவியவர் நோயைத் தீர்க்கவில்லை. டிஸ்க் நிறையும்வரை அதைத் தள்ளிவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இன்று கடைகளுக்கு அதிகம் வருவது 2.2 டிபி சுவர். இதன் இருப்பிடத்தை விரல்வைத்துக் காட்டலாம். எம்பிஆர் எனப்படும் பழைய பார்ட்டிஷன் முறையில், டிஸ்க்கின் முதல் செக்டரின் 512 பைட்டுக்குள்தான் எல்லாமே இருக்கின்றன. முதல் 446 பைட் பூட் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். கடைசி 2 பைட் முத்திரை. ஒவ்வொரு பதிவிலும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்துக்கு 4 பைட், அதன் நீளத்துக்கு 4 பைட். நான்கு பைட் என்றால் 32 பிட். அதில் அடங்கும் செக்டர்கள் சுமார் 429 கோடி. 512 ஆல் பெருக்கினால் 2.2 டிபி, விண்டோஸின் கணக்கில் 2048 ஜிபி. மொத்தத் தகராறும் இந்த நான்கு பைட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஜிபிடி என்ற புதிய முறை அதே எண்ணுக்கு 64 பிட் ஒதுக்குகிறது. அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. 2010இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 3 டிபி டிஸ்க்கோடு ஒரு தனி கன்ட்ரோலர் கார்டையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. டிஸ்க்கைச் செய்தவர்களுக்குச் சிக்கல் எங்கே வரும் என்பது தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அவர்கள் மருந்து கொடுத்தது டிஸ்க்குக்கு வெளியே உள்ள கண்ணிக்கு.

இனி, திரையில் தெரியும் எண்கள் எப்படிப் பேசுகின்றன என்று பார்ப்போம். 3 டிபி டிஸ்க் ஒன்றை மாட்டினால் விண்டோஸ் 2794 ஜிபி என்று காட்டவேண்டும். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவதும் இதனால்தான். அதில் எதுவும் தொலையவில்லை, எதையும் சரிசெய்யவும் தேவையில்லை. அதே 3 டிபி டிஸ்க் 2048 ஜிபி என்று ஒரு துண்டாகவும், 746 ஜிபி என்று பயன்படுத்த முடியாத மறுதுண்டாகவும் தெரிந்தால், ஓஎஸ் முழு டிஸ்க்கையும் பார்த்துவிட்டது என்று பொருள். டிரைவர் சரி, கன்ட்ரோலர் சரி. பார்ட்டிஷன் அட்டவணைதான் எம்பிஆராக இருக்கிறது. ஆனால் மொத்த டிஸ்க்கே 746 ஜிபிதான் என்று தெரிந்தால் கதை முற்றிலும் வேறு. அங்கே எண் 2048ஐத் தாண்டிச் சுற்றிவந்து மிச்சத்தைக் காட்டுகிறது; அட்டவணையை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பயனில்லை. பழைய இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரோ, பழைய யூஎஸ்பி இணைப்புப் பலகையோதான் குற்றவாளி. 4 டிபி டிஸ்க் 1678 ஜிபி என்று தெரிந்தாலும் அதே நோய்தான். 3726இலிருந்து 2048ஐக் கழித்துப் பாருங்கள். ஒரே 746, இரண்டு இடங்களில் இரண்டு வேறு கோளாறுகளைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ஃபார்மேட் என்பவர் இந்த வேறுபாட்டையே பார்ப்பதில்லை. இரண்டாவது வகையில் அவர் ஃபார்மேட் அடித்தால், மிச்சமாகத் தெரியும் 746 ஜிபியின் மேல் புது அட்டவணை எழுதப்பட்டு, நன்றாக இருந்த பழைய அட்டவணை அழிகிறது; டிஸ்க்கின் அளவோ அப்படியே 746ஆக நிற்கிறது.

நிறுவும்போது வரும் பிழைச் செய்திகளும் இப்படித்தான். விண்டோஸ் செட்டப் இரண்டு வகையாக மறுக்கும். தேர்ந்தெடுத்த டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, அதில் நிறுவ முடியாது என்பது ஒன்று. டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி டிஸ்க்கில் மட்டுமே நிறுவலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் படித்தவுடன் டிஸ்க்கைத்தான் மாற்றச் சொல்கிறது என்று தோன்றும். உண்மையில் இரண்டும் சொல்வது ஒரு பொருத்தமின்மையை: செட்டப் எந்த முறையில் பூட் ஆகியிருக்கிறதோ, அதற்கும் டிஸ்க்கின் அட்டவணைக்கும் ஒத்துப்போகவில்லை. பல மதர்போர்டுகளின் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த இஎஃப்ஐ முறையின் பெயர்) என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஜிபிடி டிஸ்க்கை மறுத்த செட்டப், யூஇஎஃப்ஐ என்று குறித்த வரியைத் தேர்ந்து மறுபடி பூட் செய்தால் அதே டிஸ்க்கை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரு பைட்கூட அழியாது. எதிர்த்திசையில், பழைய விண்டோஸ் இருக்கும் எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடியாக்கவேண்டும் என்றால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருக்கக்கூடாது என்பது போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தரவை அப்படியே வைத்துக்கொண்டு அட்டவணையை மட்டும் மாற்றும். பிறகு மதர்போர்டை யூஇஎஃப்ஐ முறைக்குத் திருப்பவேண்டும். 2017 முதல் மைக்ரோசாஃப்டே கொடுக்கும் வழி இருக்கும்போது, அட்டவணையையே அழிக்கும் கிளீன் கட்டளையை முதல் மருந்தாக எழுதிக்கொடுப்பதற்கு என்ன நியாயம்?

இதற்கு வரும் முதல் மறுப்பு, “யூஇஎஃப்ஐ இல்லாத பழைய மெஷினுக்குப் பெரிய டிஸ்க் ஆகாது, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் மதர்போர்டை மாற்றுங்கள்” என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனாலேயே இது நிலைத்துவிட்டது. பயாஸ் முறையில் பூட் ஆகும் விண்டோஸ், ஜிபிடி டிஸ்க்கிலிருந்து எழாது. அது விண்டோஸ் விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் பூட் செய்வது வேறு, பயன்படுத்துவது வேறு. 64 பிட் விண்டோஸ் 7 ஓடும் பழைய பயாஸ் கணினியில்கூட, ஓஎஸ்ஸை ஒரு சிறிய எஸ்எஸ்டியில் எம்பிஆர் முறையில் வைத்துவிட்டு, பெரிய டிஸ்க்கை ஜிபிடி முறையில் தரவுக்காக மாட்டினால், கன்ட்ரோலரும் டிரைவரும் ஒத்துழைக்கும்வரை முழு அளவும் கிடைக்கும். லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயாஸ் கணினியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே அது பூட் ஆகும். க்ரப் பூட்லோடர் தன் நிரலை வைத்துக்கொள்ள 1 எம்பி அளவில் ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒதுக்கினால் போதும். அதை ஒதுக்க மறந்தவருக்கு நிறுவல் கடைசி நிமிடத்தில் தோற்கும். உடனே டிஸ்க் மீது பழி விழும். ஒரு எம்பி இடம் விடாததற்கு 4 டிபி டிஸ்க்கைக் குறைசொல்வது எந்த வகையிலும் நியாயமாகாது.

வெளிப்பெட்டி டிஸ்க்குகளின் விஷயத்தில் இந்தத் தவறான நம்பிக்கை மிகக் கொடிய விளைவைத் தருகிறது. யூஎஸ்பி பெட்டிக்குள் வரும் பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில், பெட்டியின் பலகை எட்டு செக்டர்களை ஒன்றாக்கி 4096 பைட் செக்டர் என்று கணினியிடம் சொல்லும். ஜிபிடி அறியாத எக்ஸ்பியிலும் 2.2 டிபிக்கு மேல் பயன்படவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான்கு பைட்டுக்குள் அடங்கும் அதே எண், செக்டர் எட்டு மடங்கு பெரிதானதால் எட்டு மடங்கு இடத்தைச் சுட்டும். பின்னாளில் பெட்டியின் பலகை பழுதாகிறது, அல்லது டிஸ்க்கைக் கணினிக்குள்ளேயே மாட்டலாம் என்று உரிமையாளர் கழற்றுகிறார். நேரடி சாட்டா இணைப்பில் செக்டர் மறுபடி 512 பைட். அட்டவணையில் எழுதியுள்ள எண்கள் எல்லாம் இப்போது எட்டில் ஒரு பங்குத் தொலைவில் உள்ள தவறான இடங்களைக் காட்டுகின்றன. விண்டோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யவேண்டும் என்று ஒரு செய்திப் பெட்டியைத் திறந்து கேட்கிறது. டிஸ்க்கில் உள்ள அத்தனை கோப்புகளும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கின்றன. அதே வகைப் பலகையில் மறுபடி மாட்டினால் எல்லாம் தெரியும். பெட்டிப் பலகையே தரவை மறையாக்கம் செய்யும் மாடல்களிலும் இதே கதைதான். அந்த ஒரு கணத்தில் சரி என்று அழுத்துவதா, நிறுத்தி யோசிப்பதா என்பதில் பல வருடச் சேமிப்பு தொங்குகிறது. “ஃபார்மேட் அடித்தால் சரியாகும்” என்று பழக்கப்பட்ட கை சரி என்றுதான் அழுத்தும்.

டிஸ்க் செத்துவிட்டது என்ற தீர்ப்பும் இப்படித்தான் அவசரமாக எழுதப்படுகிறது. பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க்குகள் சில, பழைய பவர் சப்ளையில் மாட்டினால் சுழலவே சுழலாது. சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது முனைக்குப் புதிய விதி வேறொரு வேலை கொடுத்திருக்கிறது, அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்கவேண்டும் என்பதே அந்த விதி. பழைய பவர் சப்ளையோ அந்த முனையில் எப்போதும் 3.3 வோல்ட் தந்துகொண்டேயிருக்கும். அந்த வோல்ட்டைத் தராத ஒரு மோலெக்ஸ் மாற்றுக் கம்பியைப் போட்டதும் டிஸ்க் எழுந்துவிடும். கம்பிக்கு ஆகும் செலவு டிஸ்க்கின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பயாஸில் பெயர்கூட வரவில்லை என்பதை வைத்தே டிஸ்க் போய்விட்டது என்று ஒதுக்குவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

“அப்படியென்றால் டிஸ்க் கெட்டுப்போவதே இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் சொல்லவேண்டும். டிஸ்க் கெட்டுப்போகும், நிறையவே கெட்டுப்போகும். ஆனால் கெட்டுப்போகும் டிஸ்க்கின் அறிகுறிகளும் எண் துண்டிக்கப்பட்டதன் அறிகுறிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. நோயுற்ற டிஸ்க் பெரும்பாலும் தன் முழு அளவைச் சரியாகக் காட்டும். படிக்கும்போதுதான் திணறும், நிறுவல் ஒரே சதவீதத்தில் நின்றுவிடும், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் மாற்றி ஒதுக்கிய செக்டர்களும் காத்திருக்கும் செக்டர்களும் ஏறிக்கொண்டே போகும். எண் துண்டிக்கப்பட்ட டிஸ்க்கோ அளவைத் தவறாகக் காட்டும். ஸ்மார்ட் பதிவு மாசில்லாமல் இருக்கும். தெரியும் பகுதிக்குள் எழுதுவதும் படிப்பதும் சீராக நடக்கும். அந்தப் பதிவில், வரும் வழியில் தரவு சிதைந்ததைக் குறிக்கும் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது கேபிளை. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: இல்லாத அளவை இருப்பதாகப் பொய் சொல்லும் போலி டிஸ்க். நம்பமுடியாத மலிவில் 16 டிபி என்று விற்கப்படும் கைக்கடக்கமான எஸ்எஸ்டிகள் அப்படிப்பட்டவை. அது முழு அளவையும் காட்டும், எழுதியதைத் திரும்பத் தராது. முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கும் கருவிகளில் அகப்பட்டுவிடும். மூன்று நோய்களுக்கும் மூன்று வேறு அறிகுறிகள். கவனிக்கவேண்டியது என்னவென்றால், இந்த மூன்றில் எதற்குமே ஃபார்மேட் மருந்து இல்லை. சாகும் டிஸ்க்கில் ஃபார்மேட் அடித்தால் கடைசியாகத் தரவை எடுக்கக் கிடைத்த வாய்ப்பும் போகிறது. போலி டிஸ்க்கில் அடித்தால் பொய் இன்னும் கொஞ்ச காலம் நீடிக்கிறது.

நடைமுறை சார்ந்த மறுப்பும் உண்டு. கடையில் ஒரு நாளைக்குப் பல மெஷின்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஆராய நேரமில்லை, கிளீன் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது என்கிறார்கள். புதிதாக வாங்கிய, வெற்று டிஸ்க்குக்கு இது பொருந்தும். அதில் இழக்க எதுவுமில்லை. தரவு உள்ள டிஸ்க்குக்குப் பொருந்தாது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் என்ற ஒரு சொல்லுக்கு உறுதிப்படுத்தும் கேள்விகூடக் கிடையாது. எண்டர் தட்டியதும் பார்ட்டிஷன் அட்டவணை போய்விடும். டிஸ்க்குகள் அங்கே பெயரில்லாமல் 0, 1, 2 என்று மட்டுமே வரிசையாக நிற்கும். செட்டப் பென்டிரைவ் செருகியிருக்கையில் அதுவும் அந்த வரிசையில் ஒன்றாக நிற்கும். அவசரத்தில் எண் மாறினால் வேறொரு டிஸ்க் காலியாகும். அட்டவணை மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் மீட்கலாம். அதன் மேல் புது விண்டோஸை ஏற்றிவிட்டால் அது எழுதிய இடமெல்லாம் நிரந்தர இழப்பு. எஸ்எஸ்டி என்றால் விரைவு ஃபார்மேட்டோடு வரும் டிரிம் கட்டளை பழைய தரவைத் துடைத்தே விடும். பத்து நிமிடம் மிச்சமாகிறது என்ற கணக்கில் இந்த இழப்பு சேர்க்கப்படுவதே இல்லை, ஏனென்றால் அதைச் சுமப்பவர் கடைக்காரர் அல்ல, வாடிக்கையாளர். உண்மையில் தேவைப்படும் ஆராய்ச்சியும் நீண்டதல்ல. செட்டப் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10ம் அழுத்தினால் கட்டளைச் சாளரம் வரும். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்கின் அளவும், ஜிபிடியா இல்லையா என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறியும் தெரியும். லேபிளில் உள்ள அளவு என்ன, திரையில் உள்ள அளவு என்ன, அட்டவணை எது, செட்டப் எந்த முறையில் பூட் ஆனது. இந்த நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டால் பெரும்பாலான வழக்குகளில் கோளாறின் இடம் தெரிந்துவிடும். படிப்பறிவு தேவைப்படுகிற வேலை இது. பொறியியல் பட்டம் தேவைப்படுகிற வேலை அல்ல.

“இதெல்லாம் பழைய கதை. இன்றைய மெஷின்கள் எல்லாமே யூஇஎஃப்ஐ, விண்டோஸ் 11 அதைத் தவிர வேறெதையும் ஏற்பதே இல்லை” என்பது கடைசி மறுப்பு. பழைய கணினிகள் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபின், விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் பல லினக்ஸுக்கும் வீட்டுச் சேமிப்புப் பணிக்கும் திருப்பப்படுகின்றன. பெரிய டிஸ்க்கை முதன்முதலாகச் சந்திக்கப்போவதும் அவையே. அதைவிட முக்கியமானது, சுவர்கள் ஓய்ந்துவிடவில்லை என்பது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, ஒரு வால்யூமின் கிளஸ்டர்களை எண்ண 32 பிட்டையே பயன்படுத்துகிறது. வழக்கமான 4 கேபி கிளஸ்டர் என்றால் 16 டிபியில் நின்றுவிடும். 8 டிபி டிஸ்க்கிலிருந்து 20 டிபி டிஸ்க்குக்குத் தரவை அப்படியே குளோன் செய்தவர், பார்ட்டிஷனை 16 டிபிக்கு மேல் நீட்ட முடியாமல் திகைப்பார். யூஇஎஃப்ஐ இருக்கிறது, ஜிபிடி இருக்கிறது, டிஸ்க் புத்தம் புதியது. ஆனாலும் எண் துண்டிக்கப்படுகிறது, இந்த முறை கோப்பு முறையில். காரணம் தெரிந்தவர் பெரிய கிளஸ்டரோடு புது வால்யூமை உருவாக்கித் தரவை நகலெடுப்பார், பழைய டிஸ்க்கைத் தொடாமல். தெரியாதவர் டிஸ்க்கைப் பழுது என்று திருப்பி அனுப்புவார். நாற்பது ஆண்டுகளாக இயந்திரங்கள் மாறியிருக்கின்றன. இந்தத் தவறான தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் ஒரு பழக்கத்தை மாற்றவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். டிஸ்க்கின் மீது கிளீன் என்றோ ஃபார்மேட் என்றோ கட்டளை கொடுக்கும் முன், லேபிளில் உள்ள அளவையும் திரையில் தெரியும் அளவையும் பிழைச் செய்தியின் முழு வாசகத்தையும் வேலைச் சீட்டில் எழுதவேண்டும். ஒரு கைபேசிப் படம் எடுத்துவைத்தாலும் போதும். அந்த எண்களுக்கு விளக்கம் கிடைக்காதவரை டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. தரவு உள்ள டிஸ்க்கை அழிப்பதென்றால் காரணத்தைச் சொல்லி வாடிக்கையாளரின் ஒப்புதல் பெறவேண்டும். “டிஸ்க் பிரச்சினை” என்பது காரணம் ஆகாது. வாடிக்கையாளரும் கேட்கவேண்டும்: எந்தக் கண்ணியில் கோளாறு, எந்த எண் அதைக் காட்டுகிறது, அழிக்காமல் மாற்ற வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் டிஸ்க்கைக் கொடுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பு. கண்டுபிடிக்காமல் அழிப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பதை நாம் நிறுத்தவேண்டும்.